பயணச் செயலி சொல்லாத நிமிடங்கள்

உயர்நிலை நான்கில் படிக்கும் மாணவர்கள் அடுத்து எங்கே சேரலாம் என்று பட்டியல் போடும்போது முதலில் பாடத்தைப் பார்ப்பார்கள். பிறகு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். 'அங்கே போக எவ்வளவு நேரமாகும்?' என்ற கேள்வி கடைசியாகத்தான் வரும். கைத்தொலைபேசிச் செயலி ஓர் எண்ணைக் காட்டும். '55 நிமிடமா? பரவாயில்லை' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த ஓர் எண்ணுக்குள் கொஞ்சம் கணிதமும் கொஞ்சம் புவியியலும் நிறைய உயிரியலும் ஒளிந்திருக்கின்றன. இந்த வாரம் அவற்றைப் பிரித்துப் பார்ப்போம். அதற்கு உட்லண்ட்ஸைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

உட்லண்ட்ஸ் நாட்டின் வடகோடியில் இருக்கிறது. வடக்கு தெற்கு ரயில் பாதை 1996 பிப்ரவரி 10ஆம் தேதி இங்கு வந்தது. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் முதல் மூன்று நிலையங்களும் 2020 ஜனவரி 31ஆம் தேதி இங்குதான் திறக்கப்பட்டன. காலையில் இங்கிருந்து தெற்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் மேற்கே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் மாணவர்கள் கிளம்புகிறார்கள். எதிர்த்திசையில், தெம்பனிசிலிருந்தும் பொங்கோலிலிருந்தும் மாணவர்கள் இங்குள்ள ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு வருகிறார்கள். இன்னும் சிலர் ஜோகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து வருகிறார்கள்.

ஒரு பயணம், மூன்று காத்திருப்புகள்

உட்லண்ட்ஸிலிருந்து கென்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஒரு வழியை எடுத்துக்கொள்வோம். தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் ஏறி கால்டிகாட் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கே வட்டப் பாதைக்கு மாறி கென்ட் ரிட்ஜ் போக வேண்டும். அங்கிருந்து வளாகப் பேருந்து.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். வண்டிகளில் உட்கார்ந்தோ நின்றோ போகும் நேரம் மொத்தம் 45 நிமிடம். மின்தூக்கியிலிருந்து விரிவுரைக் கூடம் வரை அங்கங்கே நடக்கும் நேரம் 12 நிமிடம். இரண்டு ரயில்களும் 5 நிமிடத்துக்கு ஒன்று, பேருந்து 10 நிமிடத்துக்கு ஒன்று.

நீங்கள் நிலையத்தை அடையும் கணத்திலேயே ரயில் வந்தால் காத்திருப்பு 0. கண்ணெதிரே கதவு மூடினால் காத்திருப்பு 5 நிமிடம். சராசரி 2.5 நிமிடம். இப்படியே மூன்றையும் கூட்டினால் சராசரிக் காத்திருப்பு 2.5 + 2.5 + 5 = 10 நிமிடம். மூன்றிலும் அதிர்ஷ்டம் கைவிட்டால் 5 + 5 + 10 = 20 நிமிடம்.

ஆக, அதே பயணம் மிக நல்ல நாளில் 57 நிமிடம், சராசரி நாளில் 67, மோசமான நாளில் 77. வண்டி எதுவும் பழுதாகாமலேயே 20 நிமிட வேறுபாடு!

இங்கே ஒரு கேள்வி. 8.00 மணி வகுப்புக்குப் போக வேண்டிய மாணவர், சராசரி 67 நிமிடத்தை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்பலாமா? கிளம்பினால் ஏறத்தாழ பாதி நாள்கள் தாமதமாவார். சராசரியின் பொருளே அதுதான்: சில நாள் அதற்குக் கீழே, சில நாள் அதற்கு மேலே. தாமதமாகவே கூடாது என்றால் 77 நிமிடத்துக்குத் திட்டமிட வேண்டும். அப்படிச் செய்பவர் வழக்கமான நாளில் 10 நிமிடம் முன்பே வந்து வகுப்பறை வாசலில் நிற்பார். அந்த 10 நிமிடமும் பயணத்தின் விலைதான். செயலி அதைக் காட்டாது.

கடற்பாலத்தைக் கடந்து வரும் மாணவர்களுக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரியும். 1924ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் குடிநுழைவுச் சோதனையில் எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள் என்பது நாளுக்கு நாள் மாறும். அதனால்தான் அவர்கள் விடியும் முன்பே வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள். 2026 இறுதியில் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ள ஆர்டிஎஸ் ரயில் இணைப்பு, உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையிலான சுமார் 4 கிலோமீட்டரை 5 நிமிடத்தில் கடக்கும். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். வேகம் கூடுவதைவிட, 'இன்று எவ்வளவு நேரமாகுமோ' என்ற நிச்சயமின்மை குறைவதுதான் மாணவர்களுக்குப் பெரிய லாபமாக இருக்கும்.

அந்த நிமிடங்களை எங்கிருந்து எடுக்கிறோம்?

ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான். பயணத்துக்கு நேரம் கொடுத்தால் வேறு எதிலிருந்தோ அதை எடுத்தாக வேண்டும். வகுப்பு நேரத்தில் கை வைக்க முடியாது. வீட்டுப்பாடத்தைக் குறைக்க முடியாது. பெரும்பாலும் குறைவது தூக்கம்.

மேலே சொன்ன மாணவர் 8.00 மணி வகுப்புக்கு 6.43க்குக் கிளம்ப வேண்டும். குளித்து, உண்டு, புறப்பட 45 நிமிடம் என்றால் 5.58க்கு எழ வேண்டும். 8 மணி நேரம் தூங்க வேண்டுமானால் முந்தைய இரவு 9.58க்கே கண் அயர வேண்டும். வளாகத்திலிருந்து 15 நிமிடத் தொலைவில் தங்கியிருக்கும் அவருடைய நண்பர் 7.00 மணிக்கு எழுந்தால் போதும். இரவு 11 மணிக்குத் தூங்கலாம்.

'சரி, உட்லண்ட்ஸ் மாணவர் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்கட்டுமே' என்று உங்கள் பாட்டி சொல்லக்கூடும். பதின்ம வயது உடல் அதற்கு எளிதில் ஒத்துக்கொள்ளாது.

நம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சிறு கொத்து இருக்கிறது. அதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். மாலையில் வெளிச்சம் மங்கியதும், அதன் கட்டளைப்படி பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். 'இரவு வந்துவிட்டது' என்று உடல் முழுக்கச் செய்தி சொல்வது அது. பருவமடையும் வயதில் இந்தச் சுரப்பு சிறுவயதில் இருந்ததைவிடத் தாமதமாகத் தொடங்குகிறது. அத்துடன், விழித்திருக்கும்போது மூளையில் சேரும் 'தூக்க அழுத்தம்' பதின்ம வயதில் மெதுவாகவே கூடுகிறது. ஆகவே, 10 மணிக்கு விளக்கை அணைத்தாலும் தூக்கம் வராமல் புரள்வது வெறும் சோம்பேறித்தனமோ அடமோ அல்ல. கைத்தொலைபேசியின் வெளிச்சம் இந்தத் தாமதத்தை இன்னும் கூட்டும். அந்தப் பகுதி மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

13 முதல் 18 வயது வரையிலானவர்கள் ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். பின்னால் படுத்து முன்னால் எழுந்தால் இது எப்படி நடக்கும்?

நம் கடிகாரமும் சூரியனும்

இதில் சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. சிங்கப்பூர் ஏறத்தாழ 103.8 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. 103.8ஐ 15ஆல் வகுத்தால் 6.92 மணி, அதாவது சுமார் 6 மணி 55 நிமிடம். சூரியனைப் பின்பற்றினால் நம் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட அவ்வளவுதான் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் 1982 ஜனவரி 1 முதல் நாம் 8 மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறோம். எனவே நம் கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ 1 மணி 5 நிமிடம் முந்தி ஓடுகிறது!

ஆகவேதான் இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 6.45 முதல் 7.15 மணிக்குள் உதிக்கிறது. பள்ளி தொடங்கும் காலை 7.30 மணி, சூரியக் கணக்கில் 6.25 மணிதான். இதே கணக்கைச் சென்னைக்குப் போட்டுப் பாருங்கள். 80.27 பாகை என்பது 5 மணி 21 நிமிடம். இந்திய நேரமோ 5 மணி 30 நிமிடம். வேறுபாடு வெறும் 9 நிமிடம்.

உடல் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது காலை வெளிச்சம். நாம் அது வருவதற்குள் கிளம்பிவிடுகிறோம். தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையோ முழுவதும் நிலத்தடியில் ஓடுகிறது. மேகமூட்டமான நாளில்கூட, நன்றாக விடிந்தபின் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வகுப்பறை விளக்கு தருவது சில நூறு லக்ஸ். நிலையத்திலிருந்து வகுப்புக்குப் போகும் கடைசிப் பகுதியை, விடிந்திருந்தால், திறந்தவெளியில் நடந்து கடப்பது உடல் கடிகாரத்துக்கு நாம் செய்யும் சிறு உதவி.

இங்கேயே நடந்த ஆய்வுகள்

தூக்கம் குறைந்தால் உண்மையில் என்ன ஆகும்? அப்போது டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் இருந்த பேராசிரியர் மைக்கல் சீயின் குழு, 15 முதல் 19 வயது வரையிலான 56 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2016ல் வெளியிட்டது. ஒரு பிரிவினருக்கு ஒரு வாரம் தினமும் படுக்கையில் 5 மணி நேரம். மற்றவர்களுக்கு 9 மணி நேரம். 5 மணி நேரம் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. அதன்பின் இரண்டு இரவுகள் நன்றாகத் தூங்கவிட்டபோதும் அது பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பவில்லை. 'சனி ஞாயிறில் தூங்கிச் சரிசெய்துவிடலாம்' என்ற நம் நம்பிக்கையை இது ஆட்டிப் பார்க்கிறது.

அதே 2016ல் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி, தொடங்கும் நேரத்தை 7.30லிருந்து 8.15க்கு மாற்றியது. 'பிள்ளைகள் 45 நிமிடம் தாமதமாகப் படுப்பார்கள், அவ்வளவுதான்' என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு மாதம் கழித்து அளந்தபோது, மாணவிகள் சராசரியாக 9 நிமிடம்தான் தாமதமாகப் படுத்தார்கள். படுக்கையில் இருந்த நேரம் சுமார் 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்தும் அந்தப் பலன் நீடித்தது.

மூன்றாவது ஆய்வு பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றியது. 2023ல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வெளிவந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் 23,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் கருவிகள் வளாக வைஃபையில் இணைந்த பதிவுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். காலை 8 மணி விரிவுரைகளுக்கு வந்தவர்கள், பின்னர் தொடங்கும் விரிவுரைகளுக்கு வந்தவர்களைவிடச் சுமார் 10 விழுக்காட்டுப் புள்ளி குறைவு. கையில் அசைவுமானி அணிந்திருந்த மாணவர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, வராத பலர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. வாரத்தில் அதிக நாள்கள் காலை வகுப்பு இருந்தவர்களின் மதிப்பெண் சராசரியும் குறைவாக இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. காலை வகுப்புகள் உள்ள பாடங்களே கடினமானவையாக இருக்கலாம். ஆனால் மூன்று ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டும்போது கவனிக்காமல் விடவும் முடியாது.

ரயிலில் தூங்கலாமா, படிக்கலாமா?

இரண்டும் செய்யலாம், அளவு தெரிந்தால்.

10 முதல் 20 நிமிடக் குட்டித் தூக்கம் விழிப்பைக் கூட்டும். ஆனால் அது பெரும்பாலும் மேலோட்டமான தூக்கம். ஒரு முழுத் தூக்கச் சுழற்சிக்குச் சுமார் 90 நிமிடம் தேவை. படித்ததை மூளை பதியவைப்பதில் பெரும் பங்கு வகிக்கும் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் அந்தச் சுழற்சிக்குள் வருபவை. எனவே ரயில் தூக்கம், இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. இன்னொன்று: காலைத் தூக்கத்தைவிட மாலைத் தூக்கம் ஆபத்தானது. மாலை 7 மணிக்கு ரயிலில் ஒரு மணி நேரம் தூங்கினால், நாள் முழுவதும் சேர்ந்த தூக்க அழுத்தம் கரைந்துவிடும். இரவு தூக்கம் இன்னும் தள்ளிப்போகும்.

படிப்பதில் வேறு சிக்கல். பேருந்தில் புத்தகத்தைப் பார்க்கும்போது சிலருக்குக் குமட்டும். உங்கள் உட்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்களும், அவற்றை ஒட்டி நுண்ணிய படிகங்கள் உள்ள உறுப்புகளும் இருக்கின்றன. வண்டி திரும்புவதையும் வேகம் மாறுவதையும் அவை உணர்ந்து 'நகர்கிறோம்' என்கின்றன. பக்கத்திலேயே பதிந்த கண்களோ 'எதுவும் நகரவில்லை' என்கின்றன. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வெளிப்படுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சன்னல் வழியே தொலைவில் பார்த்தால் இரண்டு செய்திகளும் ஒத்துப்போகும், தலைச்சுற்றல் தணியும்.

நல்ல செய்தி என்னவென்றால், சன்னல் வழியே பார்த்துக்கொண்டே படிக்க முடியும். புத்தகத்தை மூடிவிட்டு, நேற்றுப் படித்த பாடத்தை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டை வைத்திருந்தார்கள். நினைவுகூர்வதே ஒரு பயிற்சி. அதற்கு இருக்கைகூடத் தேவையில்லை. கூட்டத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே செய்யலாம்.

வகுப்பு முடிந்த பின்

பயணம் பறிப்பது தூக்கத்தை மட்டுமல்ல. நம் 67 நிமிட மாணவருக்குப் போக வர ஒரு நாளில் 134 நிமிடம். ஒரே ஒரு மணி நேர வகுப்புள்ள நாளில்கூட அதே 134 நிமிடம். அதனால் தொலைவிலிருந்து வருபவர்கள் வகுப்புகளைச் சில நாள்களிலேயே நெருக்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். பயணம் குறையும், ஆனால் அந்த நாள்கள் நீளும், வகுப்புகளுக்கு நடுவே ஓய்வு இருக்காது.

குழுவேலை பெரும்பாலும் மாலையில்தான் சூடுபிடிக்கும். இணைப்பாட நடவடிக்கை முடிந்து சாப்பிடப் போகும்போதுதான் நட்பு வளரும். அந்த நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர் தொலைவிலிருந்து வருபவர். அவருக்கு ஆர்வமில்லை என்று மற்றவர்கள் தவறாக நினைப்பதும் உண்டு. பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாததால், பள்ளி முடிந்து லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கும் மாணவர்களுக்கு இது இப்போதே பழக்கமான அனுபவம்.

உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் வழி எளிது: சந்திப்பை இரண்டு வகுப்புகளுக்கு நடுவே வையுங்கள். நீங்களே அந்த ஒருவர் என்றால், சொல்லத் தயங்காதீர்கள். 'எனக்கு வீட்டுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்' என்பது சாக்கு அல்ல, தகவல்.

செய்து பாருங்கள்

அடுத்த வாரம் ஐந்து நாள்களுக்கு இவற்றைக் குறித்து வையுங்கள்: வீட்டுக் கதவைப் பூட்டிய நேரம், வகுப்பறைக்குள் நுழைந்த நேரம், முந்தைய இரவு தூங்கிய நேரம், எழுந்த நேரம். பயண நேரத்தின் சராசரியையும், மிகக் குறைந்த நாளுக்கும் மிகக் கூடிய நாளுக்கும் உள்ள இடைவெளியையும் கண்டுபிடியுங்கள். உங்கள் நிஜப் பயண நேரம் சராசரி அல்ல, மிகக் கூடியதுதான்.

இடைவேளையில் ஒரு சோதனையும் செய்யலாம். நண்பர் 30 செண்டிமீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் விடட்டும். பூஜ்ஜியத்துக்கு நேரே விரல்களை வைத்துக் காத்திருந்து பிடியுங்கள். 20 செண்டிமீட்டரில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 0.20 வினாடி. விழுந்த தூரத்தை மீட்டரில் எழுதி, 2ஆல் பெருக்கி, 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் விடை வரும். ஒவ்வொரு நாளும் பத்து முறை செய்து சராசரி எடுங்கள். நன்றாகத் தூங்கிய நாளையும் தூங்காத நாளையும் ஒப்பிடுங்கள். ஐந்து நாள் தரவு எதையும் நிரூபித்துவிடாது. ஆனால் உங்கள் உடலைக் கவனிக்கப் பழக்கும்.

2040க்குள் உச்ச நேரப் பயணங்களில் பத்தில் ஒன்பது 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது நம் நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டத்தின் இலக்கு. அதுவரை உங்கள் பயணத்தை நீங்கள்தான் திட்டமிட வேண்டும். ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன், பள்ளி விடுமுறையில் ஒரு வேலைநாள் காலை, வகுப்புக்குப் போவதுபோலவே உச்ச நேரத்தில் அங்கே போய் வாருங்கள். கதவிலிருந்து கதவு வரை நேரத்தை அளந்துகொள்ளுங்கள். பிடித்த பாடம் தொலைவில்தான் இருக்கிறது என்றால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.